மன்னார்க் கரையில் முட்டைப் பண்ணை தேடுதலும் முட்டை விற்றலும்

இலங்கையின் முட்டை உற்பத்தி பெரும்பாலும் குருநாகல், புத்தளம் மாவட்டங்களிலும் அவற்றுக்குத் தெற்கே கம்பகாப் பகுதியிலும் குவிந்து கிடப்பதால், மன்னார்ப் பட்டினத்துப் பலசரக்குக் கடையில் நாம் கையில் எடுக்கும் பண்ணை முட்டை, கோழி இட்ட நாளிலிருந்து சேகரிப்பவர் கையிலும், மொத்த வியாபாரியின் களஞ்சியத்திலும், மதவாச்சி வழியாக வரும் லொறியிலும் சில தினங்களைக் கழித்துவிட்டு, பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைந்து, தகரக் கூரையின் உஷ்ணத்தில் இன்னும் சில தினங்கள் கிடந்த பிறகே நம் வீட்டுச் சட்டியை அடைகிறது. இவ்வளவு நெடும் பிரயாணத்தை ஒரு சிறு ஓட்டுக்குள் அடங்கிய பொருள் தாங்கிக்கொள்வது வியப்புத்தான். ஆயினும், முருங்கனிலோ நானாட்டானிலோ இன்று காலை இட்ட முட்டையை இன்று மாலையே பேசாலையில் விற்க வழியிருக்கும்போது, அந்தப் பிரயாணத்துக்கு அவசியம் என்ன என்ற கேள்வியிலிருந்துதான் இந்த அத்தியாயத்தின் விஷயம் பிறக்கிறது.

தூரத்துச் சரக்கை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை அண்மைக் காலத்திலேயே நாம் அனுபவித்திருக்கிறோம். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டுச் சோள விளைச்சல் குன்றியதும், அடுத்த ஆண்டில் அந்நியச் செலாவணி வறண்டு தீனும் மருந்தும் தாய்க்கோழிகளும் தருவிக்க இயலாமற் போனதும், நாடெங்கும் சிறு பண்ணைகளின் கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கச் செய்தன. 2022 ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் என்று அரசாங்கம் உச்ச விலை விதித்தபோது, அந்த விலைக்குக் கட்டுபடியாகாது என்று உற்பத்தியாளர் முறையிட, கடைகளில் முட்டை அரிதாயிற்று. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்து கொழும்பில் இறங்கிற்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். ஆனாலும் அக்கரைத் தேசத்து முட்டை மன்னாருக்கு வருவதானால் கொழும்புக்குப் போய், அங்கிருந்து தரைவழியாக வடக்கே திரும்பத்தான் வேண்டும். அந்த மாதங்களில் வீட்டுக் கொல்லையில் இருபது கோழி வைத்திருந்தவர்கள் அயலாருக்குத் தட்டுப்பாடில்லாமல் முட்டை கொடுத்ததை நான் கண்டேன். உள்ளூர்ப் பண்ணையைத் தேடிப் பிடித்து அதன் முட்டையை உள்ளூரிலேயே விற்பது மேலான காரியம் என்ற என் அபிப்பிராயம் அன்றுதான் உறுதிப்பட்டது.

பண்ணைகளைத் தேடுவது எங்ஙனம்? மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என்ற ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளிலும் கோழி வளர்ப்போர் சிதறிக் கிடக்கிறார்கள்; அவர்களில் பலர் பெயர்ப்பலகை வைப்பதில்லை. அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய், யார் யார் ஒழுங்காகத் தடுப்பூசி வாங்குகிறார்கள் என்று விசாரிப்பது முதற்படி. அதனினும் பிரயோஜனமான இடம் கோழித்தீன் விற்கும் கடை. மாதம் தோறும் எத்தனை மூடை, எந்தத் தரத்துத் தீன், கைக்காசா கடனா என்பதெல்லாம் அறிந்த அந்தக் கடைக்காரர், எந்தப் பண்ணை நிலைத்திருக்கிறது, எது தள்ளாடுகிறது என்பதையும் அறிவார். மூன்றாவதாக, கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயற்பகுதிகளில் உள்ள நெல் ஆலைகளுக்குச் சென்று, உமியும் தவிடும் தொடர்ந்து ஏற்றிச் செல்பவர் யார் என்று கேட்கலாம். உமியை நிலத்தில் பரப்பிக் கோழி வளர்ப்பவருக்கு அது இல்லாமல் முடியாது. இந்த மூன்று இடங்களிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்பச் சொல்லப்படுமாயின், அந்தப் பண்ணையைப் பார்க்கப் புறப்படலாம்.

பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் காலை வேளையில் குளிர்ச்சியாகப் போவார்கள். நான் நடுப்பகலில் போகும்படி சொல்வேன். விடியற்காலத்தில் எந்தக் கோழியும் சுகமாகவே தோன்றும். நமது கரையின் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் கொட்டிலின் உண்மை வெளிப்படும். கோழிக்கு வியர்வை இல்லை. உஷ்ணம் மிஞ்சினால் வாயைப் பிளந்து, இறகை அகட்டி, இரைத்து இரைத்தே அது உடலைக் குளிர்விக்கிறது. அப்படி இரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு மிகையாக வெளியேறிவிட, ஓடு கட்டுவதற்கு வேண்டிய பொருள் உடலில் குறைந்து, மறுநாள் முட்டையின் ஓடு மெலிகிறது. வெயிலில் தீன் எடுப்பதும் குறைவதால் முட்டையின் அளவும் சிறுக்கிறது. ஆகையால் கொட்டில் கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறதா, பக்கவாட்டில் சூரியன் உள்ளே பாயாதிருக்கிறதா, தகரத்தின்மேல் கிடுகோ பனையோலையோ வேய்ந்திருக்கிறதா, சோளகக் காற்று மணலை வாரி அடிக்கும் பக்கத்தில் வேலியோ மரநிழலோ உண்டா என்பவற்றைக் கவனிக்கவேண்டும். வாடைக் காலத்துக்கும் ஏற்பாடு தேவை; 2022 டிசம்பரில் குளிர்காற்றும் மழையும் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான மாடுகளைக் கொன்றதை மறக்கலாகாது. பிறகு, கோழியின் தலைமட்டத்துக்குக் குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். கண் எரிந்தால் உமி நனைந்து புளித்திருக்கிறது என்று அர்த்தம். நாம் ஒரு கணம் தாங்க மாட்டாத அந்தக் காற்றையே கோழி இரவும் பகலும் சுவாசிக்கிறது.

இவை யாவற்றினும் முக்கியமாக நான் கருதுவது கிணறு. இதனை அறிந்துகொள்ள எனக்கு ஒரு நஷ்டம் அவசியமாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன், தீவில் ஒரு சிறு பண்ணையில் முட்டைகளை மட்டும் பார்த்து, அவை பெரியனவாயும் சுத்தமாயும் இருந்தமையால் மயங்கி, ஆறு மாத காலத்துக்கு எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன். மாசி, பங்குனி வரை குறை ஒன்றும் இல்லை. வெயில் முற்றி ஆடி வந்ததும் தட்டுக்கு மூன்று நான்காக உடையத் தொடங்கின. ஓடு மணல் ஒட்டியதுபோல் சொரசொரத்தது. சில, விரல் பட்டவுடன் அமுங்கின. தீனை மாற்றினோம், சுண்ணாம்புச் சத்துக் கூட்டினோம், பயனில்லை. ஒருநாள் அயலில் கோழி வளர்த்த ஓர் அம்மா வேலிக்கு அப்பால் நின்று, “தம்பி, தீனை விடுங்கோ, கிணத்துத் தண்ணியை ஒருக்கா வாயில விட்டுப் பாருங்கோ” என்றார். விட்டுப் பார்த்தேன், உப்புக் கரித்தது.

மன்னார்த் தீவின் மணலுக்கடியில் உள்ள நன்னீர், மாரி மழையில் ஊறி, கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பது. கோடை நீளும்போதும், இயந்திரம் வைத்து மிகையாக இறைக்கும்போதும் அந்தப் படலம் மெலிந்து உவர் மேலேறும். மனிதர் வேறு கிணற்றுக்குப் போய்விடுவர். கோழியோ வைத்ததைக் குடிக்கும். குடிநீரில் உப்பு ஏறினால் முட்டையின் ஓடு கெடும் என்பது ஆராய்ச்சியாளர்கள் பரீட்சித்துக் கண்டறிந்த உண்மை. அதனினும் துக்ககரமானது, நல்ல தண்ணீருக்கு மாற்றிய பின்பும் அந்தக் கோழிகளின் ஓடு சீக்கிரத்தில் திருந்துவதில்லை என்பதே. ஆகவே பண்ணைக்குப் போனதும் முதலில் கிணற்று நீரைச் சுவைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் போயிருந்தால், ஆடி ஆவணியில் இதன் ருசி எப்படி என்று கேளுங்கள். அந்த மாதங்களில் மீண்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள். 100 கோழிக்குச் சாதாரண நாளில் 20 முதல் 25 லீற்றர் தண்ணீர் போதும். கடும் வெயிலில் அது இரட்டிக்கும். பவுசரில் வரும் நீரை விலைக்கு வாங்கித்தான் கோழிக்கு வைக்கிறார் என்றால், அந்தச் செலவு முட்டை விலையில் ஏறியே தீரும். அதற்கு முகம் சுளிக்காமல் கொடுப்பதே நியாயம்.

தண்ணீருக்கு அடுத்தது தீன். முட்டையிடும் பண்ணைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும். அதில் சுமார் 4 கிராம் கல்சியம் இருக்க வேண்டும். நமது கரைக்கு இவ்விஷயத்தில் கடலே துணை. கரையில் ஒதுங்கும் சிப்பியை நன்னீரில் பலமுறை அலசி உப்பு நீக்கி, வெயிலில் உலர்த்தி, உளுந்தளவாக நொறுக்கித் தனிப் பாத்திரத்தில் வைத்தால், கோழி தனக்கு வேண்டிய அளவைத் தானே பொறுக்கிக்கொள்ளும். முக்கியமாகப் பின்னேரத்தில் அதை நாடும், ஏனெனில் ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவில்தான். ஆனால் அதே கடல் வேறு வழியில் கெடுப்பதும் உண்டு. கருவாடு காயவைக்கும் வாடிகளுக்கு அருகே திரியும் கோழிகள் மீன் கழிவைத் தின்று இடும் முட்டையில் மீன் வாடை வீசும். செலவைக் குறைக்கக் கருவாட்டுத் தூளை மிகையாகக் கலப்பவரின் பண்ணையிலும் இப்படியே ஆகும், அத்துடன் உப்பு மிகுந்து கோழி கழிச்சலும் காணும். மீன்வாடை, குறிப்பாகச் சிவப்பு முட்டையிடும் இனங்களில் அதிகம். எனவே பேரம் பேசுவதற்கு முன் நான்கு முட்டை வாங்கிவந்து, உப்பும் போடாமல் அவித்து, வீட்டில் நுகரும் சக்தி கூர்மையான ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

கோழியின் வயதையும் கேட்க வேண்டும். 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் கோழி, 30 வாரத்துக்குள் உச்சத்தை அடைந்து, 70 வாரம் கடந்தபின் ஓடு மெலிந்த பெரிய முட்டைகளை இடும். ஒரே வயதுக் கூட்டம் மட்டும் உள்ள பண்ணையை நம்பினால், அவர் கிழக்கோழிகளை விற்கும் நாளில் உங்கள் வியாபாரமும் நின்றுவிடும். வயது வேறுபட்ட இரண்டு மூன்று கூட்டங்களிலிருந்து எடுப்பதே சேமம். நமது நாட்டில் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். முட்டைக்கோழிக்கு 16 மணி நேர வெளிச்சம் வேண்டியிருப்பதால், மின்விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்பதும் விசாரிக்கத் தக்கது. ராணிக்கெட், கம்போறோ, அம்மை ஆகிய நோய்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்த திகதிகளைக் கொப்பியில் எழுதி வைத்திருப்பவர் நம்பத் தகுந்தவர். அண்மையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்ததுண்டா, எத்தனை நாள் முட்டையை ஒதுக்கினீர்கள் என்று கேட்கும்போது மழுப்பாமல் பதில் சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

இங்கே நம்முடைய கடமையும் ஒன்று உண்டு. ஒரு பண்ணையிலிருந்து நேரே மறு பண்ணைக்குச் செல்லக் கூடாது; செருப்பையும் கையையும் கழுவாமல் கொட்டிலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. காகித முட்டைத் தட்டுகளை ஊர் ஊராகச் சுற்றவிடும் வியாபாரியே பல சமயங்களில் நோயையும் சுமந்து செல்கிறான். கழுவி வெயிலில் உலர்த்தத் தக்க பிளாஸ்டிக் தட்டுகளை வாங்கி, ஒவ்வொரு பண்ணைக்கும் ஒவ்வொரு நிறமாக ஒதுக்கிவிடுவது நான் கைக்கொண்ட வழக்கம். எந்த முட்டை எந்தப் பண்ணையினது என்பதும் அதனால் கேளாமலே விளங்கும்.

ஊர்க்கோழி முட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தீவின் வளவுகளில் பனையடியில் கிளறித் திரியும் கோழி இடுவது சிறிய முட்டை, 40 கிராமுக்குச் சற்று முன்பின். அதற்கு மதிப்பும் விலையும் அதிகம், ருசியும் அதற்கேற்றதே. ஆனால் சேவலோடு திரியும் கோழியின் முட்டையில் கரு உயிருடன் இருப்பதால், நமது வெயிலில் அது அடைகாக்கும் கோழியில்லாமலே வளரத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் இரத்த நூல் ஓடிவிடும். ஆகையால் ஊர்க்கோழி முட்டையை அன்றன்றே சேகரித்து, மண்பானையில் ஈர மணலுக்கு மேல் வைத்துக் குளிர்ச்சியாகக் காக்க வேண்டும். பற்றைக்குள் கண்டெடுத்த முட்டைக்கூட்டத்தை, எத்தனை நாளையது என்று தெரியாதபோது, விற்கவே கூடாது. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவதேயன்றிச் சத்தினால் வருவதன்று. வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து ஊர்க்கோழி முட்டையென விற்கும் கபடத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். அப்படிச் செய்பவனுக்கு இந்நூல் எழுதப்படவில்லை.

முட்டையைப் பரீட்சிக்க இருட்டறையும் ஒரு டோர்ச்சும் போதும். உள்ளங்கையைக் குவித்து அதன் நடுவே முட்டையைப் பிடித்துக் கீழிருந்து வெளிச்சம் பாய்ச்சினால், அகன்ற முனையில் காற்றறை தெரியும். அது சிறிதாயிருந்தால் புதியது. ஓட்டின் கீறலும் இரத்தப் புள்ளியும் அப்போதே புலப்படும். தண்ணீரில் இட்டுப் பார்ப்போர், புதியது அடியில் படுக்கும், பழையது நிமிர்ந்து நிற்கும், கூழ் முட்டை மிதக்கும் என்ற விதியை நினைவிற் கொள்க. இதற்கு நன்னீரே வேண்டும், ஏனெனில் நன்னீரில் வெறுமனே நிமிர்ந்து நிற்கும் முட்டை உவர்நீரில் மிதந்து நம்மை ஏமாற்றக்கூடும். நீரில் இட்ட முட்டையை விற்பனைத் தட்டில் திரும்ப வைக்காதீர்கள். ஓட்டின்மேல் இயற்கை பூசிய மெல்லிய படலம் நனைந்து அகன்றால், ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே கிருமி உள்ளே புகும். அழுக்கை உலர்ந்த துணியால் துடைப்பதே முறை.

இனி விலை. தீனின் விலையை வைத்தே முட்டை விலையைப் பேச வேண்டும் என்பது என் திடமான கொள்கை. 100 கோழி நாளொன்றுக்கு 11 கிலோ தின்று 80 முட்டை இடுமானால், ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 137 கிராம் தீன் செலவு. ஒரு கிலோ தீனின் அன்றைய விலையை இதனால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் தீன் கிரயம் வந்துவிடும். அதன்மேல் குஞ்சு வாங்கிய செலவு, மருந்து, தண்ணீர், மின்சாரம், அவருடைய உழைப்பு என்பவற்றைச் சேர்த்து, இருவரும் ஒரே கொப்பியில் கணக்குப் பார்த்து, தீன் விலை மாறும்போது முட்டை விலையும் மாறும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டால் மனக்கசப்புக்கு இடமில்லை. சந்தையில் முட்டை மலிந்த மாதத்தில் பண்ணைக்காரரைக் கைவிடுகிறவன், தட்டுப்பாடு வரும்போது அவர் வாசலில் நிற்க வெட்கப்படுவான். நாளொன்றுக்கு ஐந்து தட்டு, அதாவது 150 முட்டை விற்க எண்ணுபவருக்கு ஏறக்குறைய 190 கோழிகளின் உற்பத்தி வேண்டும். தட்டுக்கு ஒன்று உடையும் என்று வைத்தே இலாபத்தைக் கணக்கிடுக. அனுமதி சம்பந்தமான விஷயங்களைப் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

வாங்குவோர் யார் என்றால், முதலில் பேக்கரிகளும், முட்டை ரொட்டியும் கொத்தும் போடும் சாப்பாட்டுக் கடைகளும். இவர்களுக்குச் சிறு முட்டையும் ஏற்கும், ஆனால் நாள் தவறாமல் வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண்கள் குறித்த நாளில் குறித்த எண்ணிக்கை கேட்பார்கள். வீடுகளோ காலத்துக்கேற்ப மாறும். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களில் நோன்பு மாதமும் பெருநாளும் வந்தால் வட்டிலப்பத்துக்குத் தட்டுத் தட்டாக முட்டை போகும். பேசாலை, வங்காலை போன்ற கத்தோலிக்க ஊர்களில் மார்கழி பிறந்ததும் கேக் அடிக்கத் தொடங்குவார்கள்; தவக்காலத்தில் மச்சத்தோடு முட்டையையும் ஒதுக்கும் குடும்பங்கள் உண்டு, மச்சத்துக்குப் பதிலாக முட்டையைக் கொள்ளும் குடும்பங்களும் உண்டு. ஆகஸ்ட் 15இல் மடுமாதா திருவிழாவுக்குத் திரளும் சனங்களுக்காக வழிநெடுகச் சாப்பாட்டுக் கடைகள் முளைக்கும். சிவராத்திரியில் திருக்கேதீஸ்வரத்தை நோக்கிச் சனம் செல்லும் நாட்களிலும், நவராத்திரி, கந்தசஷ்டி நாட்களிலும் சைவ வீடுகளில் விற்பனை படுத்துவிடும். அதை அறியாமல் வழக்கம்போல் முட்டை எடுத்து வைத்தால் அழுகலே மிஞ்சும். இவற்றினும் பெரிய பஞ்சாங்கம் கடல். மீன் மலிந்த நாளில் முட்டையை ஏறெடுத்தும் பாரார். காற்று மாறி, கடல் கொந்தளித்து, படகுகள் கரையேறிய நாளில் முட்டைக்காரனை வழிமறித்துக் கேட்பார்கள். ஆதலால் முட்டை விற்பவன் காலையில் எழுந்ததும் காற்றின் திசையைப் பார்த்து, அன்றைக்கு எத்தனை தட்டு ஏற்றுவது என்று நிச்சயிக்கப் பழக வேண்டும்.

ஏற்றிச் செல்வதும் விடியலில்தான். கூர்முனை கீழாக அடுக்கி, தட்டுகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடி, முட்டையை அது தொடாதபடி ஓலைப் பாயை இடையில் வைத்து, வெயில் ஏறுமுன் கடைகளைச் சேர வேண்டும். தொகை சிறிதானால், அடியில் உமி பரப்பிய பனையோலைக் கடகத்துக்கு நிகரான வாகனம் இல்லை. குண்டும் குழியுமான கிறவல் ஒழுங்கையில் சைக்கிளில் கடகம் வைத்துப் போகும் பெண்கள் ஒரு முட்டையும் உடையாமல் திரும்புவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தட்டிலும் முட்டை இட்ட திகதியைப் பெரிதாக எழுதுங்கள். குளிர்சாதனம் இல்லாத நமது கடைகளில் ஏழு நாளுக்குமேல் முட்டை இருக்க விடாதீர்கள். புதிய தட்டைப் பின்னே வைத்துப் பழைய தட்டை முன்னே இழுத்து வைக்கும் வேலையை, கடைக்காரர் மறந்தாலும் நீங்களே செய்யுங்கள். வார முடிவில் மீந்தவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அன்றிரவே டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, சந்தேகத்துக்கு உரியவற்றைக் குழிதோண்டிப் புதைத்து, நல்லவற்றை மறுநாள் அதிகாலையில் கடலுக்குப் போவோருக்குச் சாப்பாடு கட்டும் கடைக்கு, அவித்து உண்ண வேண்டிய ஏழு நாள் முட்டை என்பதைச் சொல்லியே, அரை விலைக்குக் கொடுத்துவிடலாம்.